அழிந்த நாடாவும் பிழைத்த நாடாவும்



மனிதன் சந்திரனிலே முதன்முதல் அடிவைத்த நாளை உலகம் 1969 ஆம் ஆண்டு யூலை 20 என்று குறித்து வைத்திருக்கின்றது. எங்கள் நாட்டுக் கணக்கின்படி அது 21 ஆம் நாள் காலை நேரமாகும். இலங்கையிலே தொலைக்காட்சி தொடங்கியது 1979 ஆம் ஆண்டிலேதான். ஆதலால் எங்கள் மூத்தோர் அச்செய்தியை வானொலியிலே செவியாற் கேட்டும், பின்னர் செய்தித்தாளிலே படித்தும் அறிந்தனர். தொலைக்காட்சி பரவியிருந்த நாடுகளிலோ கோடிக்கணக்கான மக்கள் அதனைக் கண்ணாற் கண்டனர். அவர்கள் கண்ட படம் மங்கலாக இருந்தது; ஏணியிலிருந்து இறங்கிய உருவம் நிழல்போலத் தோன்றியது. சந்திரன் தொலைவிலே இருப்பதால் படம் மங்கியது என்றே பலரும் எண்ணினர். உண்மை அதுவன்று. சந்திரனிலிருந்து வந்த படம் அதனினும் தெளிவானது. அத்தெளிவான படத்துக்கு நேர்ந்த கதியையே இன்று உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

அக்காலத்து அமெரிக்கத் தொலைக்காட்சி, வினாடிக்கு 30 படங்களை, ஒவ்வொன்றும் 525 கோடுகள் கொண்டனவாகக் காட்டியது. சந்திரனிலிருந்து அவ்வளவு செய்தியை அனுப்புதற்கு வழி இருக்கவில்லை. ஆகவே அங்கு கொண்டுசெல்லப்பட்ட கருவி வினாடிக்குப் 10 படங்களையே, 320 கோடுகளில் அனுப்பியது. இப்படத்தை வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி ஏற்றுக்கொள்ளாது. அதனால் பூமியிலே அதனைப் பெற்ற நிலையங்களில், ஒரு திரையிலே படத்தைத் தோற்றுவித்து, அத்திரையை மற்றொரு தொலைக்காட்சிக் கருவியாற் படம்பிடித்து உலகுக்கு அனுப்பினர். ஓர் ஓவியத்தைப் பார்த்து ஒருவர் வரைய, அவர் வரைந்ததைப் பார்த்து வேறொருவர் வரைந்தால் என்னவாகும்? உலகம் கண்டது அத்தகைய படியின் படியே.

ஆயினும் மூலம் முற்றாகக் கைவிடப்படவில்லை. அமெரிக்காவிற் கோல்ட்ஸ்ரோன், அவுஸ்திரேலியாவில் கன்பராவை அடுத்த ஹனிசக்கிள் கிறீக், பாக்ஸ் என்னும் இடத்திலுள்ள பெரிய வானொலித் தொலைநோக்கி ஆகியன அச்சமிக்ஞையைப் பெற்றன. அங்ஙனம் வந்ததை வந்தபடியே காந்த நாடாவிற் பதிந்தும் வைத்தனர். ஓர் அங்குல அகலமான அந்நாடாவிலே பதினான்கு தடங்கள் இருந்தன. ஒரு தடத்திலே படம். ஏனையவற்றிலே விண்கலத்தின் நிலை, வீரரின் நாடித்துடிப்பு முதலிய தரவுகள். 9,200 அடி நீளமான நாடா, வினாடிக்கு 120 அங்குல வேகத்தில் ஓடிப் பதினைந்து நிமிடங்களில் முடிந்துவிடும். நேரடி ஒளிபரப்புத் தவறினால் உதவட்டும் என்று வைக்கப்பட்ட காப்பு அது. ஒளிபரப்புத் தவறவில்லை, ஆகவே காப்பைத் தேடுவாரும் இலராயினர். அந்நாடாக்கள் மேரிலாந்து மாநிலத்திலுள்ள கொடாட் விண்வெளி நிலையத்தின் பொறுப்பிலே அரசாங்கக் களஞ்சியத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

ஆண்டுகள் பல சென்றன. அன்று அந்நிலையங்களிற் பணிபுரிந்தோர் சிலர் முதுமையடைந்த பின், தாம் திரையிலே நேரிற் கண்ட தெளிவு உலகம் கண்ட படத்தில் இல்லையே என்று நினைந்து, மூல நாடாக்களைத் தேடத் தலைப்பட்டனர். 1969 இலே தொலைக்காட்சிப் பொறுப்பை ஏற்றிருந்த பொறியியலாளர் றிச்சட் நாவ்ஸ்கர் தேடுவோருள் முதன்மையானவராக நின்றார். பெட்டியின் இலக்கத்தைப் பற்றிக்கொண்டு, பழைய பற்றுச்சீட்டுகளைப் புரட்டிப் புரட்டித் தேடினர். 2009 ஆம் ஆண்டிலே அவர்கள் வெளியிட்ட முடிவு துயரமானது. அப்பல்லோ 11 இன் படம் பதிந்திருந்த நாடாக்கள் ஏறத்தாழ 45. அவை களஞ்சியத்திலிருந்து மீளப் பெறப்பட்டு, காந்தப் பதிவு நீக்கப்பட்டு, வேறு செய்மதிகளின் தரவுகளைப் பதிதற்குத் திரும்பவும் பயன்பட்டிருக்கவேண்டும் என்பதே அம்முடிவு. அக்காலத்திலே நாடாவுக்குத் தட்டுப்பாடு. பகைவர் எவரும் அழிக்கவில்லை. தீயும் வெள்ளமும் அழிக்கவில்லை. சிக்கனம் அழித்தது.

பின்னர் செய்யக்கூடியதைச் செய்தனர். சிட்னியிலே பதியப்பட்டிருந்த ஒளிபரப்பு நாடா, அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமாகிய சீ.பி.எஸ். காப்பகத்திலே கிடைத்த படி, திரையிலிருந்து பிலிமிலே எடுத்த பிரதிகள் ஆகியவற்றுள் சிறந்த பகுதிகளைத் தெரிந்தெடுத்து, கலிபோர்ணியாவிலுள்ள லௌறி டிஜிற்றல் நிறுவனத்தாரைக் கொண்டு கணினியாற் செப்பஞ் செய்தனர். படியின் கறையைத் துடைக்கலாம், அதிர்வை அடக்கலாம், இருளை விலக்கலாம். மூலத்திலே இருந்து படியிலே விழாமற்போன நுட்பத்தை எக்கணினியும் மீட்டுத்தர இயலாது.

நிற்க. இதே காலத்தைச் சேர்ந்த மற்றுமொரு நாடாத் தொகுதியின் வரலாறு வேறுவிதமாக முடிந்தது.

மனிதரை அனுப்புமுன், இறங்குதற்கேற்ற இடத்தை ஆராய 1966, 1967 ஆம் ஆண்டுகளிலே ‘லூனர் ஓர்பிற்றர்’ என்னும் ஐந்து கலங்களை அமெரிக்கர் அனுப்பினர். அவை பிலிமிலே படமெடுத்து, கலத்துக்குள்ளேயே கழுவி, பின் அப்பிலிமைக் கோடு கோடாக வருடிச் சமிக்ஞையாகப் பூமிக்கு அனுப்பின. இங்கே அச்சமிக்ஞை இரண்டங்குல நாடாவிலே பதியப்பட்டது. அன்று அவசரமாக அச்சிட்ட படங்களில் நாடாவிலுள்ள நுட்பத்தின் ஒரு பகுதியே வெளிப்பட்டது. ஏறத்தாழ 1,500 நாடாக்கள் களஞ்சியத்திற் கிடந்தன.

1980களின் நடுப்பகுதியிலே இவற்றை என்செய்வது என்னும் வினா எழுந்தது. அப்போது கலிபோர்ணியாவிலுள்ள ஜெற் உந்து ஆய்வுகூடத்திலே பொறுப்பிலிருந்தவர் நான்சி எவன்ஸ் என்னும் அம்மையார். குப்பைக்கு அனுப்ப அவர் உடன்படவில்லை. நாடாவை வைத்துக்கொண்டால் மட்டும் போதுமா? அதனை ஓட்டும் அம்பெக்ஸ் எப்.ஆர். 900 என்னும் பொறி வேண்டுமே! அது ஆளுயர அலுமாரி போன்றது, அப்பொழுதே வழக்கொழிந்துவிட்டது. விமானப்படை வேண்டாமென்று கழித்த பொறிகளை அம்மையார் கேட்டுப் பெற்றார். திருத்துதற்கு நிதி கிடைக்கவில்லை. அவற்றைத் தமது வீட்டு வாகனக் கொட்டிலிலே ஆண்டுக்கணக்காகப் பாதுகாத்தார்.

ஏறத்தாழ இருபதாண்டுகளின் பின் டெனிஸ் விங்கோ, கீத் கௌயிங் என்னும் இருவர் இச்செய்தியறிந்து முன்வந்தனர். கலிபோர்ணியாவிலே ஏம்ஸ் ஆய்வு நிலைய வளவில் மூடிக்கிடந்த ஒரு மக்டொனால்ட்ஸ் உணவுச்சாலை அவர்களுக்குத் தொழிற்கூடமாயிற்று. ஒரு பொறியின் உறுப்பை மற்றொன்றுக்குப் பொருத்தினர். தேய்ந்த வாசிப்புத் தலைகளைப் புதுப்பித்தனர். காணாமற்போன மின்சுற்றைப் பழைய ஆவணங்களின் துணைகொண்டு ஆக்கினர். 1966 ஓகஸ்ட் 23 இலே, சந்திர விளிம்பின்மேற் பூமி தோன்றும் காட்சியை முதற்கலம் படம்பிடித்திருந்தது. 2008 நவம்பரிலே அப்படம் முதலில் மீட்கப்பட்டது. முன்னர் கரிய திட்டாகத் தெரிந்த இடங்களிலே இப்போது மேடும் பள்ளமும் புலப்பட்டன. நாற்பத்திரண்டு ஆண்டுகள் அந்நுட்பம் முழுவதும் நாடாவிலேயே உறங்கிக்கிடந்தது.

இவ்விரு வரலாறுகளையும் ஒப்பிட்டு நோக்குக. ஓலைச்சுவடியைச் செல் அரிக்கும். ஆயினும் எஞ்சிய ஏட்டை வாசிக்கக் கண்ணும் எழுத்தறிவும் போதும். காந்த நாடாவுக்கோ இவை போதா. பொறி வேண்டும், பொறியை இயக்கத் தெரிந்தவர் வேண்டும், எப்பெட்டியில் எது உள்ளது என்னும் குறிப்பு வேண்டும், இவையனைத்துக்கும் மேலாக, எறியாதே என்று சொல்லும் ஒருவர் வேண்டும்.

நாடாவும் நிலையானதன்று. மெல்லிய பிளாஸ்ரிக் பட்டியிலே இரும்பொட்சைட்டுத் துகளைப் பிசினாற் பிடிப்பித்ததே நாடா. சிலவகைப் பிசின்கள் ஈரத்தை உறிஞ்சி நாளடைவிற் பிசுபிசுத்துப்போகும். அத்தகைய நாடாவைப் பொறியிலிட்டால் துகள் உரிந்துவிடும். வல்லுநர் அதனை ஐம்பது பாகை செல்சியசு அளவிலான மிதமான சூட்டிலே பல மணிநேரம் வைத்து உலர்த்தி, அந்நிலை நீடிக்குமுன் படியெடுத்துவிடுவர். இதனை வீட்டு அடுப்பிலே முயலவேண்டா.

இன்று பெரிய காப்பகங்கள் படங்களை எண்களாக்கி, எல்.ரி.ஓ. என்னும் தரவு நாடாக்களிலே சேமிக்கின்றன. 2000 ஆம் ஆண்டிலே தொடங்கிய இவ்வகையின் எட்டாந் தலைமுறைப் பொறி ஏழாந் தலைமுறை நாடாவை வாசிக்கும், ஆறாவதை வாசிக்காது. எனவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய நாடாவுக்குப் படியெடுத்தே ஆகவேண்டும். எங்கள் முன்னோர் ஏட்டைப் பார்த்து ஏடெழுதிய தொழில் இன்னும் முடியவில்லை.

இவ்விடயத்திலே பிறரைக் குறைகூறும் தகுதி எனக்கில்லை. பல ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய பாடசாலையொன்றிலே மாணவர் நடித்த நாட்டுக்கூத்தொன்றை வீடியோவிலே பதிந்திருந்தோம். அதனைப் பழக்கியவர் முதிய ஆசிரியர் ஒருவர். இரண்டு காட்சிகளிலே அவரே பாடினார். மறு ஆண்டு விளையாட்டுப் போட்டியைப் படமெடுக்க நாடா வேண்டியிருந்தது. புதிது வாங்கப் பணமில்லை. “பழையதிலேயே எடுங்கள்” என்றேன். எடுத்தார்கள். அவ்வாசிரியர் மறைந்த பின் அவருடைய மகள் என்னிடம் வந்து, “சேர், அப்பாவின்ர குரல் அதில இருக்குமோ?” என்று கேட்டார். நான் அந்நாடாவை எடுத்துக் கொடுத்தேன். அதிலே ஓட்டப்பந்தயம் மட்டுமே இருந்தது. அவர் அதையும் நன்றி சொல்லிப் பெற்றுக்கொண்டார்.

நேயர்களே, உங்கள் வீட்டிலோ, சனசமூக நிலையத்திலோ, கோயிலிலோ பழைய நாடாப் பெட்டி கிடக்குமாயின், இன்றே அதன்மேல் என்ன, எப்போது, எவர் என்று எழுதி வையுங்கள். ஈரமும் வெயிலும் படாத இடத்திலே நிமிர்த்தி வையுங்கள். பூஞ்சணம் பிடித்ததைப் பொறியிலிட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள். ஓட்டும் பொறி ஊரிலே ஒன்றேனும் உயிரோடிருக்கும்போதே படியெடுத்து, அப்படிகளை இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள். படியெடுத்தாயிற்று என்று மூலத்தை எறிந்துவிடாதீர்கள். வெற்று நாடாவின் விலையை நாம் அறிவோம். பதிந்த நாடாவின் விலையை அதனைத் தேடி வருபவரே அறிவார்.