மான் குட்டி போட்ட இடத்தைச் சொல்லும் ஜி.பி.எஸ்.

கனடாவின் எல்க் பள்ளத்தாக்கில் நிலக்கரிச் சுரங்கங்கள் உள்ளன. எல்க் எனப்படும் பெரிய மான்களும் அங்கே வாழ்கின்றன. மே கடைசியிலும் ஜூனிலும் இவை மறைவிடம் தேடிக் குட்டி போடும். சுரங்கங்களுக்கு அருகில் அந்த இடம் எது என்று தெரிந்தால்தான் வெடிவைப்பையும் லாரிப் பாதையையும் தள்ளி வைக்கச் சொல்ல முடியும்.

இதைக் கண்டறிய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஜி.பி.எஸ். கழுத்துப்பட்டை. இது பதியும் இடங்களைக் கம்ப்யூட்டர் மேப்பில் புள்ளிகளாகப் பார்க்கலாம். தள்ளித் தள்ளி விழுந்த புள்ளிகள் திடீரென ஒரே இடத்தில் குவிந்தால், அங்கே பிரசவம் நடந்திருக்கலாம்.

மற்றொன்று, சினை மானின் பிறப்புப் பாதையில் வைக்கும் சிறிய டிரான்ஸ்மிட்டர். பிரசவத்தின்போது வெளியே விழுந்து குளிர்ந்ததும் இதன் சிக்னல் துடிப்பு மாறும்.

முதலாவது ஊகம்; இரண்டாவது சான்று. சில மான்களில் இரண்டையும் பொருத்தினால் கம்ப்யூட்டரின் ஊகத்தைச் சரிபார்த்துக் கொள்ளலாம். சரிபார்க்காத புள்ளிகளை நம்பிப் பாதை போடக் கூடாது.