பவளத் தொட்டிக்கு ரியாக்டரா, டோசிங்கா? முதலில் தொட்டி தின்னும் கணக்கைப் பாருங்கள்

ஜார்ஜ் டவுன் – வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்ப்பவர்கள் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். கால்சியம் ரியாக்டர் வாங்குவதா, அல்லது மருந்து ஊற்றுவதுபோல் தினமும் அளந்து ஊற்றும் டோசிங் முறையே போதுமா? கடைக்காரர் ஒன்றைச் சொல்வார், நண்பர் இன்னொன்றைச் சொல்வார். இரண்டு பேரும் தங்கள் தொட்டிக்கு எது சரியாக வந்ததோ அதைத்தான் சொல்கிறார்கள். உங்கள் தொட்டி ஒரு நாளைக்கு எவ்வளவு தின்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. அது தெரியாமல் வாங்கும் எந்தக் கருவியும் வீண் செலவாகலாம். உள்ளே இருப்பவை உயிர்கள் என்பதால் நஷ்டம் ரிங்கிட்டோடு நிற்பதும் இல்லை.

பவளம் ஒரு விலங்கு. கடலில் கரைந்திருக்கும் கால்சியத்தையும் கார்பனேட்டையும் இழுத்துச் சேர்த்துத் தனக்குக் கல் வீடு கட்டிக்கொள்கிறது. அந்தக் கல், கால்சியம் கார்பனேட். நவரத்தினத்தில் வரும் சிவப்புப் பவளமும், சங்க இலக்கியம் 'துகிர்' என்று சொல்வதும் வேறு வகைப் பவளம்தான் என்றாலும், அதன் சரக்கும் இதே கால்சியம் கார்பனேட்தான். கடலில் இந்தச் சரக்குக்குப் பஞ்சமில்லை. மூன்றடிக் கண்ணாடித் தொட்டியில் சில நாட்களிலேயே குறைவு தெரியத் தொடங்கும்.

இயற்கைக் கடல்நீரில் லிட்டருக்குக் கால்சியம் சுமார் 420 மில்லிகிராம், மக்னீசியம் சுமார் 1,300 மில்லிகிராம் இருக்கும். காரத்தன்மை, அதாவது நீரில் கிடைக்கும் கார்பனேட் கையிருப்பு, 'டிகேஎச்' என்ற அலகில் 7 முதல் 8 வரை. தொட்டியில் 7க்கும் 10க்கும் இடையே ஏதாவது ஓர் எண்ணில் வைத்துக்கொள்ளலாம். எந்த எண் என்பதைவிட அது ஆடாமல் நிற்பதே முக்கியம். ஒரே நாளில் 1 டிகேஎச்சுக்கு மேல் ஏற்றுவதும் இறக்குவதும் கூடாது.

தொட்டி தின்பதை அளக்கக் கால்சியம் சோதனையை நம்பாதீர்கள். காரத்தன்மை 1 டிகேஎச் குறையும்போது கால்சியம் லிட்டருக்கு 7 மில்லிகிராம்தான் குறைகிறது. 420இல் 7 என்பது வீட்டுச் சோதனைப் பெட்டியின் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும். 8இல் 1 போனால் கண்ணுக்குத் தெரியும். எனவே காரத்தன்மையையே பாருங்கள். எதையும் ஊற்றாமல், நீரும் மாற்றாமல், மூன்று நான்கு நாட்கள் தினமும் ஒரே நேரத்தில் அளந்து எழுதி வையுங்கள். 7க்குக் கீழே இறங்கினால் சோதனையை நிறுத்திவிடுங்கள். மொத்தக் குறைவை நாட்களால் வகுத்தால் வருவதுதான் தொட்டியின் தினச் சாப்பாடு.

தோல் பவளம், காளான் பவளம் போன்ற மென்பவளங்கள் மட்டும் உள்ள தொட்டியில் இந்தக் குறைவு மிகச் சிறியதாகவே இருக்கும். அவர்கள் வாரம் பத்து விழுக்காடு நீரை மாற்றினால் பெரும்பாலும் போதும். ரியாக்டரும் வேண்டாம், பம்பும் வேண்டாம்.

கல் பவளம் உள்ளவர்களுக்கு ஒரு கணக்கு. தொட்டியில் 300 லிட்டர் நீர் இருக்கிறது, தினமும் 1 டிகேஎச் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஈடுகட்ட ஒரு நாளைக்குச் சுமார் 9 கிராம் ஆப்பச் சோடாவும், 8 கிராம் கால்சியம் குளோரைடும் போதும். அவ்வளவுதான். ஒரு மாதத்திற்குக் கால் கிலோவுக்குச் சற்றே அதிகமான சோடா. இரண்டையும் தனித்தனிப் புட்டியில் ஆர்.ஓ. நீரில் கரைத்து, தனித்தனி நேரத்தில், நீரோட்டம் அதிகமுள்ள இடத்தில் ஊற்ற வேண்டும். ஒன்றாகக் கலந்தால் அங்கேயே வெண்மையாகத் திரிந்து கல்லாகிவிடும். பவளத்துக்கு எதுவும் போய்ச் சேராது. கையால் ஊற்றலாம். வெளியூர் போகிறவர்கள் சில நூறு ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் டோசிங் பம்ப் வைத்துக்கொள்ளலாம்.

இந்த முறையில் ஒரு மிச்சம் தங்கும். சோடாவின் சோடியமும் குளோரைடும் சேர்ந்து சாதாரண உப்பாகின்றன. நம் கணக்கில் அது நாளைக்கு 6 கிராம், மாதத்திற்கு 190 கிராம் அளவுக்கு வரும். 300 லிட்டர் கடல்நீரில் ஏற்கெனவே பத்தரைக் கிலோ உப்பு இருப்பதால் இது பெரிதல்ல. ஒழுங்காக நீர் மாற்றி, உப்பின் அடர்த்தியை அளந்து வந்தால் சமாளித்துவிடலாம். ஜெர்மனியின் ஹான்ஸ்-வெர்னர் பாலிங் பெயரால் வழங்கும் 'பாலிங் முறை' இதற்காகவே சோடியம் குளோரைடு இல்லாத மூன்றாவது உப்பு ஒன்றையும் சேர்க்கச் சொல்கிறது.

ரியாக்டர் வேறு வழியில் போகிறது. ஒரு மூடிய குழாய்க்குள் பவளக் கல் துண்டுகளை நிரப்பி, தொட்டி நீரைச் சுற்றவிட்டு, உருளையிலிருந்து கரியமில வாயுவைச் சிறு குமிழிகளாகச் செலுத்துகிறார்கள். உள்ளே பிஎச் 6.5 அளவுக்கு இறங்க, கல் கரைகிறது. கால்சியமும் கார்பனேட்டும் நிறைந்த அந்த நீர் சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குத் திரும்புகிறது. பழைய பவளத்தைக் கரைத்துப் புதுப் பவளத்துக்கு ஊட்டுவதுதான் இது. தேவையானவை சரியான விகிதத்தில் தாமாகவே வந்துவிடும், உப்பு மிச்சமும் இல்லை.

மேலே சொன்ன அதே தொட்டிக்கு ரியாக்டர் நாளொன்றுக்கு ஐந்தரைக் கிராம் கல்லைக் கரைத்தால் போதும். ஆண்டுக்கு 2 கிலோ. இதற்காக உருளை, ரெகுலேட்டர், மின்வால்வு, பம்ப், பிஎச் கருவி என்று வாங்கினால் செலவு ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டிவிடும். கொசுவை அடிக்க உலக்கை தூக்கியதுபோல்தான். ஆனால், 1,000 லிட்டர் தொட்டியில் கிளைப் பவளங்கள் நிறைந்து தினம் 3 டிகேஎச் குறைந்தால் கதை மாறும். அப்போது சோடா மட்டும் மாதம் 2.7 கிலோ கரைக்க வேண்டும். உப்பு மிச்சம் மாதம் 1.9 கிலோ சேரும். அந்த இடத்தில் ரியாக்டர் தன் விலையைத் தானே சம்பாதித்துவிடும்.

இனி நம் ஊர் நிலைமை. ஃப்ளாட்டிலும் கொண்டோவிலும் ஏர்கோன் போட்டுக் கதவு ஜன்னல் அடைத்த அறையில்தான் பலருக்குத் தொட்டி வைக்க இடம் இருக்கும். நாலு பேர் மூச்சு விடும் மூடிய அறையில் கரியமில வாயு ஏறும். அது நீரில் கரைந்து பிஎச்சை இறக்கும். கடலில் 8.1 இருக்க வேண்டியது தொட்டியில் 7.8க்கு வந்து நிற்கலாம். அப்படிப்பட்ட அறையில் ரியாக்டர் வைத்தால் இன்னும் இறங்கும். அங்கே டோசிங்கே மேல். ஆப்பச் சோடாவை அடுப்பில் சுட்டு சோடியம் கார்பனேட்டாக்கிப் பயன்படுத்தினால் பிஎச் சற்று ஏறவும் செய்யும். சுட்ட சோடா 9 கிராமுக்குப் பதில் 6 கிராமுக்குச் சற்றுக் குறைவாகப் போதும்.

ஏர்கோன் இல்லாத வீடுகளில் சூடுதான் தொல்லை. விசிறி வைத்து நீரைக் குளிரவைப்பார்கள், நீர் வேகமாக ஆவியாகும். இங்கேதான் ரியாக்டரும் டோசிங்கும் அல்லாத மூன்றாவது வழி வருகிறது. பலர் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. சுண்ணாம்பு நீர்தான் அது. ஜெர்மன் மொழியில் இதைக் 'கால்க்வாசர்' என்பார்கள். பீட்டர் வில்கென்ஸ் என்பவர் பவள வளர்ப்பில் பரப்பிய முறை இது. லயன் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தவர்களுக்கு இந்தப் பொருளை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஒரு லிட்டர் ஆர்.ஓ. நீருக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடு தூள் போட்டுக் கலக்கி, மூடித் தெளியவிட வேண்டும். அடியில் தங்குவதை விட்டுவிட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் ஆவியான நீருக்கு ஈடாகச் சொட்டுச் சொட்டாக விடலாம். இரண்டரை முதல் 3 லிட்டர் சுண்ணாம்பு நீர், 300 லிட்டர் தொட்டியில் 1 டிகேஎச் குறைவை முழுதாகவே ஈடுகட்டிவிடும். விசிறி ஓடும் தொட்டி தினமும் அவ்வளவு நீரை இழக்கிறதென்றால் அதற்கு வேறு கருவியே வேண்டாம். பிஎச்சும் ஏறும், உப்பும் சேராது.

லிட்டில் இந்தியாவில் வெற்றிலையோடு கிடைக்கும் சுண்ணாம்பைப் போடலாமா என்றால், கூடாது. அது காற்றுப்பட்டுப் பாதி கார்பனேட்டாக மாறியிருக்கும், வேறு என்ன கலந்திருக்கிறதோ தெரியாது. உணவுத் தரத் தூளாகவே வாங்குங்கள். சுண்ணாம்பு நீரின் பிஎச் 12ஐத் தாண்டும். கண்ணில் பட்டால் ஆபத்து, பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடாது. தொட்டியில் ஒரேயடியாகக் கொட்டினால் அத்தனையும் சாகும்.

கெட்டுப்போகும் விதத்திலும் இவை வேறுபடுகின்றன. டோசிங் பம்ப் அடைத்துக்கொண்டால் காரத்தன்மை மெல்ல இறங்கும், கவனிக்க நேரம் கிடைக்கும். நிற்காமல் ஓடினால்தான் விபரீதம். அதனால் ஒரு வாரத்துக்கு வேண்டியதற்கு மேல் புட்டியில் ஊற்றி வைக்காமல் இருப்பது நல்லது. ரியாக்டரில் ரெகுலேட்டர் பழுதாகி வாயு கொட்டினால் ஓர் இரவிலேயே பிஎச் விழுந்துவிடும். மின்சாரம் போனால் தானாக மூடும் வால்வு இல்லாத ரியாக்டரை நான் எவருக்கும் சொல்லமாட்டேன். தோட்டப்புறத்தில் இருப்பவர்கள் உருளையை எங்கே நிரப்புவது என்பதையும் வாங்குமுன் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

எந்த முறையானாலும் மக்னீசியத்தை மாதம் ஒருமுறை பாருங்கள். அது குறைந்தால் நீங்கள் ஊற்றும் கால்சியம் பவளத்தில் சேராமல் பம்பிலும் ஹீட்டரிலும் கல்லாகப் படியும்.

ரியாக்டருக்கான கல்லைக் கடையில்தான் வாங்க வேண்டும். பினாங்கைச் சுற்றியுள்ள கடல் ஆற்றுச் சேறு கலந்து கலங்கியது. பவளம் பார்க்க நம்மவர்கள் படகேறிப் போவது கெடாவின் பூலாவ் பாயாருக்கு. அங்கே கரையில் செத்துக் கிடக்கும் துண்டுதானே என்று பையில் போட்டுக்கொள்ளத் தோன்றும். அது கடற்பூங்கா. அங்கிருந்து பவளம் எடுப்பது, உயிருள்ளதோ செத்ததோ, 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்கீழ் குற்றம். கல் பவளங்கள் அனைத்தும் 'சைட்டீஸ்' அனைத்துலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை. தொட்டிக்கு உயிர்ப் பவளம் வாங்கும்போதும், கடலில் பெயர்த்ததா, தொட்டியிலேயே வெட்டி வளர்த்த துண்டா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். வளர்த்த துண்டு சிறியதாக இருக்கும், ஆனால் தொட்டி வாழ்க்கைக்குப் பழகியது.