பாம்புப் பெட்டி: முதலில் பூட்டைக் கவனியுங்கள்

செம்பனைக் காட்டில் அகப்பட்ட மலைப்பாம்புக் குட்டியை வளர்ப்பேன் என்று உங்கள் பிள்ளை அடம் பிடிக்கிறானா? வேண்டாம் என்று சொல்லுங்கள். நம் காட்டு மலைப்பாம்பு 20 அடிக்கு மேலும் வளரக்கூடியது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, உரிமமின்றி அதை வைத்திருப்பது குற்றம். சிங்கப்பூரிலோ வீட்டில் பாம்பு வளர்க்கவே அனுமதி இல்லை.

ஆசை விடவில்லையென்றால், ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பு இருக்கிறது. நஞ்சில்லாதது, பெரும்பாலும் 5 அடிக்குள் அடங்கிவிடும். வாங்குமுன் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானில் உரிமம் பற்றி விசாரியுங்கள்.

பெட்டியை வீட்டிலேயே செய்யலாம். நீளம் 4 அடி, அகலம் 2 அடி, உயரம் 2 அடி. பலகைப் பெட்டிக்கு முன்புறம் இழுத்து மூடும் கண்ணாடி போடுங்கள். பக்கங்களில் சிறு காற்றுத் துளைகள் இட்டு, கம்பி வலையை வெளிப்புறம் அடியுங்கள். உள்ளே அடித்தால் பாம்பின் மூக்கு உரசிப் புண்ணாகும்.

தலை நுழையும் சந்து இருந்தால் உடலும் நுழைந்துவிடும். லயத்தில் உங்கள் சுவருக்கு மறுபக்கம் அண்டை வீட்டுக் குழந்தை தொட்டிலில் தூங்கும். ஆகவே பூட்டு கட்டாயம்.

பாம்புக்கு வியர்க்காது. தகரக் கூரையின் சூடும் நேர் வெயிலும் படாத இடத்தில் பெட்டியை வையுங்கள். உள்ளே தண்ணீர்ச் சட்டியும், பதுங்க மறைவிடமும் வேண்டும். கேமரன் மலையில் இருப்போர் ஒரு பக்கத்தைக் கதகதப்பாக வைக்க வேண்டும்.

இது 20 ஆண்டுக்கு மேலும் வாழும். பிள்ளை வேலைக்குப் போனபின் யார் பார்ப்பது என்று இன்றே பேசி முடிவெடுங்கள்.