நெஞ்சுக்குள் ஒரு கடிகாரம்

இரவு எல்லோரும் படுத்து, தெருவில் சந்தடி அடங்கிய பிறகு என் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்கும். 'டிக்... டிக்... டிக்...' என்று, பழைய சுவர்க் கடிகாரம் மாதிரி. பக்கத்தில் படுத்திருப்பவர்களுக்கும் கேட்கும். என் மகள் பத்து வயதில் என் மார்பில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, உங்களுக்குள்ளே டாக்டர் வாட்சை மறந்து வெச்சுத் தெச்சுட்டாங்க!" என்றாள். பாதி நிஜம்தான். 2011-ம் வருடம் என் இதயத்தில் கெட்டுப் போன ஒரு வால்வை எடுத்துவிட்டு, உலோக வால்வு வைத்துத் தைத்தார்கள். அது திறந்து மூடுகிற ஓசைதான் இது.

இந்தக் கடிகாரச் சத்தம் ஒரு தடவை மங்கிப் போயிற்று. அதை அற்புதம் என்று நினைத்து நான் ஸ்தோத்திரம் பண்ணினேன்! அந்தத் தவறையும், அதற்குப் பிறகும் என் விசுவாசம் எப்படித் தப்பிப் பிழைத்தது என்பதையும் சகோதரிகளிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் கிறிஸ்தவப் பெண். ஆனால் நோய்க்கு மதம் கிடையாதே. யாருக்காவது இது உதவும்.

தொண்டை வலியில் தொடங்கியது

எனக்கு 11 வயது. 1989-ம் வருடம். நாசரேத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம் எங்கள் ஊர். தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தது. அம்மா மிளகு ரசமும் சுக்கு வெந்நீரும் கொடுத்தார்கள். சரியாயிற்று. மூன்று வாரம் கழித்து ஒரு முழங்கால் வீங்கிக் கொண்டது. இரண்டு நாளில் அது வடிந்து கணுக்கால், அப்புறம் மணிக்கட்டு. "வளர்ற புள்ள, வாயுப் பிடிப்பு" என்று தைலம் தேய்த்தார்கள். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

ருமாட்டிக் காய்ச்சல் என்றார் டாக்டர். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி தொண்டையில் வரும். அதை எதிர்க்கக் கிளம்புகிற நம் உடம்பின் சக்தியே, ஆள் தெரியாமல் மூட்டையும் இதயத்தையும் தாக்கிவிடுகிறதாம். மூட்டு வீக்கம் ஒரு தழும்பும் இல்லாமல் போய்விடும். இதய வால்வில் விழுந்த தழும்பு போகாது. காய்ச்சல் திரும்ப வரவர வால்வு இன்னும் கெடும். அது திரும்பாதிருக்க 21 நாளைக்கு ஒரு பென்சிலின் ஊசி, வருடக் கணக்கில் போட வேண்டும்.

அம்மா காலண்டரில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு வைப்பார்கள். அந்த ஊசி வலி இருக்கிறதே, அப்பப்பா! இரண்டு நாளைக்கு உட்கார முடியாது. 'இயேசப்பா, இந்தத் தடவையாவது ஊசி வேண்டாம்' என்று ஜெபித்துக் கொண்டே பஸ் ஏறுவேன். ஊசி போட்டுக் கொண்டுதான் திரும்புவேன்.

18 வயதில் ஊசியை நிறுத்தினோம். டாக்டர் நிறுத்தச் சொல்லவில்லை. வீட்டில்தான் நிறுத்தினார்கள். "இருதயக்காரப் புள்ளன்னு ஊருக்குத் தெரிஞ்சா யாரு கட்டுவா?" என்றாள் பெரியம்மா. அம்மா அழுதுகொண்டே சம்மதித்தார்கள். காலண்டரில் வட்டம் நின்றது. 2000-ல் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறைத்தது வெளியே வந்தது

மறு வருடம் வயிற்றில் குழந்தை. ஆறாம் மாதம் நாலு படி ஏற முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டும். மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்தபடி விடிய விடிய உட்கார்ந்திருப்பேன். கர்ப்ப காலத்தில் உடம்பில் ஓடும் ரத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடுமாம். சுருங்கிய வால்வு வழியாக அவ்வளவு ரத்தம் எப்படிப் போகும்? பல பெண்களுக்கு இந்த நோய் முதல் பிரசவத்தின் போதுதான் தெரிய வருகிறது என்றார்கள். எனக்குப் பத்து வருடத்துக்கு முன்பே தெரியும். என் மாமியாருக்குத்தான் அன்றைக்குத் தெரிந்தது.

மாமி சத்தம் போடவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மாவைப் பார்த்து, "சொல்லியிருந்தா கட்டியிருக்க மாட்டோம்னு நெனச்சிட்டீங்க. ஒருவேளை கட்டியிருக்க மாட்டோமோ என்னமோ. ஆனா இந்தப் புள்ள ஊசியாவது நிக்காம இருந்திருக்குமே!" என்று மட்டும் சொன்னார்கள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர்கள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

என் வயிற்றைச் சுற்றி ஈயக் கவசம் கட்டி, தொடை நரம்பு வழியாக ஒரு பலூனைச் செலுத்தி, சுருங்கிய வால்வை விரித்தார்கள். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை படைத்தோம். கேட்டேன், கொடுத்தார், நன்றி சொன்னேன். கணக்கு தீர்ந்தது என்று நினைத்தேன். என் விசுவாசமே அந்த நாளில் ஒரு கணக்குப் புத்தகமாகத்தான் இருந்தது.

கோபம் வந்த நாள்

பத்து வருடத்தில் வால்வு மறுபடி சுருங்கியது. இந்தத் தடவை மார்பைத் திறந்து மாற்றத்தான் வேண்டும் என்றார்கள். எனக்கு வைத்தது நம் நாட்டிலேயே செய்த சித்திரா வால்வு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிலையத்தில் உருவானது. 1990-ல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் எனக்குத் தேவன் மேல் கோபம் வந்தது. பத்து வயதுப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகவா என்னை ஒரு தடவை காப்பாற்றினீர் என்று கேட்டேன். கேட்டதும் பயந்து போனேன். எங்கள் ஐயர் பார்க்க வந்தபோது இதைச் சொல்லி அழுதேன். அவர் பிரசங்கம் செய்யவில்லை. "கோபத்தையும் அவர்கிட்டயே சொல்லும்மா. வேற யார்கிட்ட சொல்லுவ? 88-ம் சங்கீதம் வாசிச்சிருக்கியா?" என்றார்.

அன்றைக்குத்தான் கவனித்து வாசித்தேன். மற்றத் துயரச் சங்கீதங்களில் பெரும்பாலும் கடைசியிலாவது ஒரு வெளிச்சம் வரும். இதில் புலம்பல் இருட்டிலேயே தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் சேர்த்துத்தானே வைத்திருக்கிறார்கள்! என் கோபத்துக்கும் அங்கே ஓர் இடம் இருந்தது.

நான் செய்த பெரிய தவறு

உலோக வால்வில் ரத்தம் உறைந்துவிடும். உறையாதிருக்க அசிட்ரோம் மாத்திரையை ஆயுள் முழுக்கத் தினமும் சாப்பிட வேண்டும். மாதம் ஒரு தடவை ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை. ஐந்து வருடம் ஒழுங்காகச் செய்தேன்.

2016-ல் ஒரு வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார்கள். என் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, "குணமாக்கும்னு கேட்டுக்கிட்டே மாத்திரையும் முழுங்கினா அது விசுவாசமா, அவிசுவாசமா? நீயே சொல்லு" என்றார்கள். எத்தனை வருடம் ஊசி, எத்தனை வருடம் மாத்திரை! அலுத்துப் போயிருந்த மனசில் அந்தக் கேள்வி போய்த் தைத்தது. வீட்டில் யாருக்கும் தெரியாமல் நிறுத்தினேன். அம்மா ஊரிடம் மறைத்தார்கள். நான் என் வீட்டாரிடமே மறைத்தேன்.

ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது வாரம் கூட்டத்தில் எழுந்து சாட்சி சொன்னேன். அப்புறம் ஒரு ராத்திரி நெஞ்சில் சத்தம் மங்கலாக, பஞ்சுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது. 'ஆண்டவர் உள்ளேயே சரி பண்ணிட்டார்!' என்று சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை. உலோக வால்வின் சத்தம் மங்கினால் அதில் ரத்தக்கட்டி படிந்திருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்துக் காலையில் தோசை வார்த்துக் கொண்டிருந்தேன். கரண்டி கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தால் வலது கை என் பேச்சைக் கேட்கவில்லை. "மாமி" என்று கூப்பிட்டேன். வாயிலிருந்து வேறு ஏதோ சத்தம் வந்தது.

கட்டியிலிருந்து ஒரு துணுக்கு பிய்த்துக் கொண்டு மூளைக்குப் போயிருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது நாள். கை ஒரு மாதத்தில் திரும்பியது. பேச்சு வர மூன்று மாதம் பிடித்தது.

என்னைச் சுமந்தவர்கள்

அந்த மூன்று மாதம் என்னால் ஜெபிக்கக்கூட முடியவில்லை. சின்ன வயதிலிருந்து சொல்லி வரும் பரமண்டல ஜெபம் மனசில் துண்டு துண்டாக வரும், நாக்கில் வராது. சொல்ல வருவதற்கும் எனக்கு வெட்கம். யாரை நம்பி மாத்திரையை நிறுத்தினேனோ அவர் என்னைக் கைவிட்டாரா, இல்லை நான்தான் அவரைச் சோதித்துப் பார்த்தேனா? என் விசுவாசம் எங்கே போயிற்றென்று எனக்கே தெரியாது.

தினமும் சாயந்திரம் மாமி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, என் வலது கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக நீவி விட்டுக் கொண்டே அந்த ஜெபத்தைச் சத்தமாகச் சொல்லுவார்கள். கடைசியில் "ஆமென்" என்பதை மட்டும் எனக்கு விட்டுவிடுவார்கள். எனக்கு வராது. கொஞ்சம் பொறுத்திருந்து அதையும் அவர்களே சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார்கள். ஒரு நாள் நான் குழறிக் குழறி 'ஆமென்' சொல்லிவிட்டேன். மாமி முந்தானையால் முகத்தை மூடிக் கொண்டார்கள்.

திமிர்வாதக்காரன் ஒருவனை நாலு பேர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இயேசுவின் முன்னே இறக்கிய கதை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதில் படுத்திருந்தவனுடைய விசுவாசம் எவ்வளவு என்று சொல்லியிருக்கிறதா? இல்லை. சுமந்து வந்தவர்களுடைய விசுவாசத்தைத்தான் பெரிதாகச் சொல்லியிருக்கிறது. எத்தனை தடவை கேட்ட கதை! படுக்கையில் கிடந்தபோதுதான் எனக்கு அர்த்தமாயிற்று. விசுவாசத்தை நான் இறுகப் பிடித்துக் கொண்டிருக்க வேண்டும், கை நழுவினால் போச்சு என்று பயந்து கொண்டிருந்தேன். கை நழுவித்தான் போயிற்று. நாலு பேர் என்னைக் கட்டிலோடு தூக்கிக் கொண்டிருந்தார்கள்.

ஜெபமும் மாத்திரையும்

அப்புறம் ஐயர் இன்னொன்றும் காட்டிக் கொடுத்தார். எசேக்கியா ராஜா குணமாவான் என்று தேவனே வாக்குக் கொடுத்த பிறகும், அவன் கட்டியின் மேல் அத்திப்பழத்தைப் பற்றாகப் போடச் சொல்கிறார் ஏசாயா. பவுலோடு கூட இருந்த லூக்கா வைத்தியர். தீமோத்தேயுவின் வயிற்று உபாதைக்குப் பவுல் கைவைத்தியம் எழுதி அனுப்புகிறார். அந்தப் பவுலே தன் சரீரத்து முள்ளுக்காக மூன்று தரம் மன்றாடியும் அது நீங்கவில்லை. இவர்களை அவிசுவாசிகள் என்று யார் சொல்ல முடியும்?

எங்கள் பக்கத்து டோனாவூரில் எத்தனையோ பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1931-ல் ஒரு பள்ளத்தில் விழுந்து அடிபட்டார்கள். 1951-ல் மரிக்கும் வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே வாழ்க்கை. அந்த அறையிலிருந்தே புத்தகம் புத்தகமாக எழுதினார்கள். அவர்களுக்காக ஜெபிக்காதவர்களா? அவர்களுக்கு விசுவாசம் போதவில்லையா? அவர்கள் கல்லறையில் பெயர்ப் பலகை வேண்டாம் என்றிருந்ததால், பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டிதான் வைத்திருக்கிறார்கள்.

குணமானால்தான் விசுவாசம், குணமாகாவிட்டால் அது போதாது என்று யாராவது சொன்னால், சகோதரிகளே, இவர்களை நினைத்துக் கொள்ளுங்கள். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் யோபுவின் சிநேகிதர்களை நினைத்துக் கொள்ளுங்கள். ஏழு நாள் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்லவர்கள்தான். வாயைத் திறந்த பிறகுதான் வினை!

இளம் தாய்மார்களுக்கு

1. ஐந்திலிருந்து பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். கொடுத்த மருந்தைக் காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்தாதீர்கள்.

2. மூட்டு வீக்கம் ஓரிடம் விட்டு ஓரிடம் மாறினால் தைலத்தோடு விட்டுவிடாதீர்கள்.

3. பென்சிலின் ஊசி எத்தனை வருடம் என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். சம்பந்தம் பேச வருகிறவர்கள் அல்ல.

4. வால்வு நோய் உள்ள பெண்கள் குழந்தைக்கு முன்பே டாக்டரைக் கலந்து பேசுங்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையில் சில, வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும். ஆனால் பயந்துபோய் நீங்களாகவும் நிறுத்தக் கூடாது.

5. இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கீரையை அடியோடு விட வேண்டியதில்லை. ஒரு வாரம் நிறைய, ஒரு வாரம் இல்லை என்றில்லாமல் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். பல் பிடுங்கும் முன் வால்வு வைத்திருப்பதைச் சொல்லுங்கள்.

மாமி 2020-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். கடைசி ஒரு வாரம் அவர்களுக்குப் பேச்சில்லை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நான் ஜெபத்தைச் சொன்னேன். 'ஆமென்' மட்டும் அவர்களுக்கு விட்டு வைத்து, கொஞ்சம் பொறுத்திருந்து, நானே சொன்னேன்.

எனக்கு இன்னும் சில வார்த்தைகள் தட்டும். ஐ.என்.ஆர். கூடினாலோ குறைந்தாலோ இன்றும் பயம் வரும். இரவு எட்டு மணிக்குக் குடும்ப ஜெபத்துக்குப் பாய் விரிக்கும்போதே வேதப் புத்தகத்தோடு மாத்திரை டப்பாவும் வந்துவிடும். வெளியூரில் வேலை பார்க்கிற என் மகள் அந்த நேரத்துக்கு போன் செய்வாள். "அம்மா, மாத்திரை போட்டாச்சா?" என்பாள். போட்டாச்சு என்ற பிறகுதான், "சரி, ஜெபிக்கலாம்" என்பாள்.