தவறும் விரலும் தடுக்கும் பூட்டும்

சங்கத்து அங்கத்தினர்களுக்குக் காமிரா இன்று விளையாட்டுப் பொருளன்று. புதிய கரையும் முந்தானையும் தறியிலிருந்து இறங்கியவுடன் அவற்றைப் படமெடுத்து வெளியூர் வணிகருக்கு அனுப்புகிறோம். மழையில் பயிர் மூழ்கினால் அதனையும் படமெடுக்கிறோம். 2016ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், தனி வயலுக்கு நேரும் இயற்கைச் சேதத்தை 72 மணி நேரத்துள் தெரிவித்தல் வேண்டும் என்பது விதி. அவ்வேளையில் எடுத்த படம் கைதவறி அழிந்துபோனால், வடிந்த வெள்ளத்தை மீண்டும் வரவழைத்துப் படமெடுக்க எவராலும் இயலாது. விற்றுப்போன சேலையின் நிலையும் அதுவே. ஆதலின், வேண்டாத வேளையில் பொத்தான் அழுந்துவதைத் தடுக்கும் வழிகளைச் சிறிது ஆராய்வோம்.

முதலாவது, பையில் வைக்கும் முன் காமிராவை நிறுத்திவிடுதல் வேண்டும். நிறுத்தாமல் வைத்தால், பையின் அசைவில் பொத்தான் அழுந்தி மின்கலம் வீணே தீர்ந்துபோகும். வயலில் நின்று எடுக்கும்போது கருவி விழிக்காது. நெடும் பயணமாயின் மின்கலத்தைக் கழற்றித் தனியே வைத்துக்கொள்வது நன்று.

இரண்டாவது, கருவியிலேயே உள்ள பூட்டுக்களை அறிந்து பயன்படுத்துதல். சில காமிராக்களின் பின்புறத்தில் ஒரு சிறு பூட்டு விசை உண்டு. அதனைத் தள்ளிவிட்டால், கன்னமோ கட்டை விரலோ பட்டாலும் அமைப்புக்கள் மாறா. வேறு சிலவற்றில், மேலுள்ள வட்டத் திருகின் நடுப் பொத்தானை அழுத்திக்கொண்டே திருப்பினாலன்றித் திருகு சுழலாது. 2010இல் வெளிவந்த கேனன் 60டி காமிராவில் இவ்வமைப்பு இருந்தது.

மூன்றாவது, எடுத்த படங்களைக் காத்தல். முக்கியமான படத்துக்குச் சாவிக் குறியிட்டுப் பாதுகாத்தால், அழிக்கும் பொத்தானை மறந்து அழுத்தினாலும் அப்படம் அழியாது. ஆயினும், நினைவட்டை முழுவதையும் துடைக்கும் ஆணைக்கு இக்குறி தடையாகாது என்பதை அங்கத்தினர் மறவாதிருத்தல் வேண்டும். அட்டையின் இடப்பக்கத்துச் சிறு தாழைப் பூட்டும் பக்கம் தள்ளினால், காமிரா அதில் எதையும் எழுதவோ அழிக்கவோ இயலாது. புதுப்படம் எடுக்கும்போது மட்டும் அதனைத் திருப்பித் தள்ளிக்கொள்ளலாம்.

அப்படியும் படம் அழிந்துவிட்டால் பதற வேண்டா. அந்த அட்டையில் வேறு படம் எடுக்காமல் உடனே கழற்றி வைத்து, விஷயம் அறிந்தவரிடம் கொடுத்தால், பல வேளைகளில் மீட்டுவிடலாம். அதன்மேல் புதுப்படம் எழுதப்பட்டாலோ பழையது போயிற்றென்றே கொள்க. எல்லாவற்றினும் மேலான காவல், அன்றெடுத்த படங்களை அன்று மாலையே சங்கத்துக் கணினியில் சேர்த்துவிடுவதாகும்.

காமிரா செய்வோர் இவற்றை எங்கிருந்து கற்றனர் என எண்ணிப் பார்த்தால், நம் கண்முன் உள்ள பொருள்களிலேயே அக்கருத்து விளங்கும். பம்பு செட்டின் ஸ்டார்ட்டரைப் பாருங்கள். ஓடவைக்கும் பச்சைப் பொத்தான் பெரும்பாலும் உட்பதிந்து இருக்கும். நிறுத்தும் சிவப்புப் பொத்தான் வெளியே புடைத்து நிற்கும். ஓடவைக்க நினைத்து அழுத்த வேண்டும்; நிறுத்தவோ கை பட்டாலே போதும். தறியிலும், நெய்த துணியைச் சுருட்டும் படமரம் பின்னோக்கிச் சுழலாதபடி பற்சக்கரத்துக்கு ஒரு தடை வைத்திருக்கிறோம் அல்லவா?

நிக்கான் நிறுவனத்தின் சில காமிராக்களில் அட்டையைத் துடைப்பதற்கு இரண்டு பொத்தான்களைச் சேர்த்துச் சில விநாடி அழுத்திப் பிடித்தல் வேண்டும். ஒரு விரலின் தவறு போதாது என்பது இதன் பொருள். இதே ஏற்பாடு, தகடு அழுத்தும் பிரஸ் யந்திரத்தில் உயிர்நாடியான காவலாகும். இரு கைகளாலும் இரு பொத்தான்களை அழுத்தினாலன்றி யந்திரம் இறங்காது. ஆகவே இறங்கும் வேளையில் தொழிலாளியின் கை அச்சுக்கு அடியில் இருக்க இடமில்லை. காலால் இயக்கும் யந்திரமாயின், மேலே ஏதும் விழுந்து மிதியை அழுத்தாதபடி அதற்கு மூடி இடுதல் வேண்டும்.

ஊசுட்டேரிக்கு வடபால் உள்ள சேதராப்பட்டில் தொழிற்பேட்டை உண்டு. நெசவாளர், உழவர் இல்லத்துப் பிள்ளைகள் இத்தகைய பேட்டைகளுக்கு வேலைக்குச் செல்லும் காலம் இது. அவர்களுக்கும் இச்செய்தி எட்டவேண்டும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 24ஆம் பிரிவில் 1976ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு விதியைச் சேர்த்தது. தற்செயலாக நிறுத்த நிலையிலிருந்து ஓடும் நிலைக்கு நழுவக்கூடிய விசையை, பாதுகாப்பான நிலையில் பூட்டிவைக்க ஏற்பாடு வேண்டும் என்பதே அவ்விதி. பின்னர் அச்சட்டத்தின் இடத்துக்கு 2020ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு வந்தது. எனினும் அக்கருத்தின் நியாயம் மாறவில்லை.

வேலை விரைவாகட்டும் என்று பிரஸ் யந்திரத்தின் ஒரு பொத்தானைக் குச்சி செருகியோ நாடா சுற்றியோ அழுத்தியே வைத்து, ஒற்றைக் கையால் ஓட்டுதல் பெருந்தவறு. அவ்வாறு செய்யும்படி எவர் ஏவினும் மறுத்தல் வேண்டும். நினைவட்டையின் தாழை மறந்தால் போவது ஒரு படம். யந்திரத்தின் தாழை அவிழ்த்தால் போவது விரல்; தறியில் அறுந்த இழையைப் பிணைப்பதுபோல அதனைப் பிணைக்க முடியாது.

இன்று மாலை வீடு திரும்பும் பிள்ளையிடம், "உன் யந்திரத்துக்கு இரண்டு பொத்தான் உண்டா? இரண்டும் வேலை செய்கின்றனவா?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.