ஞாயிறு வழிபாடு: தலைநகரில் பழங்குடிப் பெண்களுக்குக் கிடைக்கும் ஒரே விடுமுறை

புது தில்லி: தலைநகரின் கத்தோலிக்க ஆலயங்கள் பலவற்றில் ஞாயிறன்று ஹிந்தி திருப்பலி முடிந்த பின்னும் வளாகம் காலியாவதில்லை. மர நிழலிலும் சுற்றுச்சுவர் ஓரத்திலும் இளம்பெண்கள் கூட்டம் கூட்டமாக அமர்ந்து பேசிக் கொண்டிருப்பார்கள். அவர்கள் பேசுவது சாத்ரி, குடுக், முண்டாரி, காரியா எனச் சோட்டாநாக்பூர் பீடபூமியின் மொழிகள்.

ஜார்க்கண்டின் கும்லா, சிம்டேகா, குந்தி, சத்தீஸ்கரின் ஜஷ்பூர், ஒடிசாவின் சுந்தர்கர் ஆகிய மாவட்டங்களிலிருந்து வீட்டு வேலைக்கு வந்தவர்கள் இவர்கள். பலர் வேலை செய்யும் வீட்டிலேயே தங்கியிருப்பவர்கள். வாரம் முழுவதும் தாய்மொழியில் ஒரு வார்த்தை பேச வழியில்லாத அவர்களுக்கு ஆலய வளாகமே சொந்த ஊர்.

கடமையே உரிமையாக...

இறைவனை வீட்டிலிருந்தே வணங்கலாமே, ஆலயத்துக்கு நேரில் செல்வது அவசியமா என்ற கேள்வி கிறிஸ்தவர்களிடையேயும் எழுவதுண்டு. சபை கூடிவருதலை விட்டுவிடலாகாது என்கிறது விவிலியத்தின் எபிரேயர் நிருபம். ஞாயிறு திருப்பலியில் பங்கேற்பதைக் கடமையாகவே விதிக்கிறது கத்தோலிக்க திருச்சபைச் சட்டத்தின் 1247-ஆவது பிரிவு.

இப்பெண்களைப் பொருத்தவரை அந்தக் கடமையே உரிமையாகிறது. ஓய்வு வேண்டும் என்று கேட்டால் முகம் சுளிக்கும் எஜமானர்களும், ஆலயத்துக்குப் போக வேண்டும் என்றால் மறுக்கத் தயங்குவதுண்டு.

வாரந்தோறும் நேரில் வருவதால் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. வழக்கமாக வருபவர் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று விசாரிக்க நாலு பேர் இருக்கிறார்கள். சம்பள பாக்கி, அடி உதை, இடைத்தரகரின் ஏமாற்று ஆகியவை தோழியரின் காதுக்கும், அவர்கள் மூலம் அருள்சகோதரிகளுக்கும், கிராமத்துக்கும் எட்டுகின்றன. பூட்டிய கதவுக்குள் நடப்பது வெளியே தெரிய இதைவிட எளிய வழி அவர்களிடம் இல்லை.

இந்த உறவு தில்லியில் தொடங்கியதல்ல. காஸ்னர் சபையின் ஜெர்மானிய மிஷனரிகள் 1845-இல் ராஞ்சிக்கு வந்தனர். பெல்ஜியத்தைச் சேர்ந்த இயேசு சபைத் துறவி கான்ஸ்டன்ட் லீவன்ஸ் 1885-இல் அப்பகுதிக்கு வந்து, நில வழக்குகளில் பழங்குடியினருக்குத் துணை நின்றார். ஆலயம் என்பது வழிபடும் இடம் மட்டுமல்ல, முறையிடும் இடமும்கூட என்ற நம்பிக்கை அன்றே வேரூன்றிவிட்டது.

கதவுகள் அடைபட்ட நாள்கள்

கரோனா பொது முடக்கத்தால் 2020 மார்ச்சில் வழிபாட்டுத் தலங்கள் மூடப்பட்டபோது, திருப்பலி தொலைக்காட்சிக்கும் இணையத்துக்கும் இடம் மாறியது. வீட்டில் இருந்தவர்களுக்கு அது ஆறுதல் அளித்தது. எஜமானரின் வீட்டுக்குள் முடங்கிய பணிப்பெண்ணுக்கோ வெளியே செல்லக் கிடைத்த ஒரே காரணமும் பறிபோனது. ஜூன் 8-ஆம் தேதி முதல் ஆலயங்களைத் திறக்க மத்திய அரசு அனுமதித்த பிறகும், குடியிருப்புகளின் கட்டுப்பாடுகள் உடனே தளரவில்லை. திரையில் காணும் வழிபாட்டில் மறையுரையைக் கேட்கலாம். பக்கத்தில் இருப்பவளின் கையில் உள்ள தழும்பைக் காண முடியாது.

சட்டத்தின் மௌனம்

ஆலைத் தொழிலாளிக்கு வாராந்திர விடுமுறையை 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே உறுதி செய்தது. வீட்டுப் பணியாளருக்கு வாரத்துக்குத் தொடர்ந்து 24 மணி நேரமேனும் ஓய்வு வேண்டும் என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189-ஆவது உடன்படிக்கை. 2011-இல் அதை ஆதரித்து வாக்களித்த இந்தியா, பிறகு ஒப்புதல் அளிக்க முன்வரவில்லை. 2008-ஆம் ஆண்டின் அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வீட்டுப் பணியாளரையும் உள்ளடக்கியது. ஆனால் அது பேசியது நலத்திட்டங்களைத்தான், விடுமுறையை அல்ல.

வீட்டுப் பணியாளருக்குத் தனிச் சட்டம் இயற்றுவது குறித்து ஆராய நிபுணர் குழு அமைக்குமாறு 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

அதே கிராமங்களிலிருந்து வரும் சர்னா வழிபாட்டினருக்கும் ஹிந்துப் பெண்களுக்கும் எஜமானரிடம் எடுத்துச் சொல்ல இத்தகைய வாராந்திரக் கடமை இல்லை. கிறிஸ்தவப் பெண்ணுக்கும் எஜமானர் மனம் வைத்தால்தான் ஞாயிறு. ஆலய மணி சிலருக்குப் பெற்றுத் தரும் அந்த ஒரு நாளை அனைவருக்கும் பெற்றுத் தர வேண்டியது நாடாளுமன்றத்தின் பொறுப்பு.