சொல்பேச்சு கேட்காத செல்கள்
(கருப்பை என்னும் களம் – 14)

“ஹார்மோன் டெஸ்ட் எல்லாம் நார்மல்னு வந்திருக்கு டாக்டர், அப்புறம் ஏன் மாசா மாசம் உயிர் போகிற வலி?” எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வி.

ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. ரத்தத்தில் ஹார்மோன் எவ்வளவு ஓடுகிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும். அந்த ஹார்மோனின் கட்டளையைக் கேட்டு நடக்கிற ஏற்பிகள் செல்லுக்குள் எத்தனை, எந்த ரகம் என்பதெல்லாம் ரத்தப் பரிசோதனையில் தெரியாது. இந்த நோயில் கோளாறு பெரும்பாலும் அங்கேதான்.

ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனுக்கு ஏற்பி என்ற ஒன்று இருப்பதே 1950-களின் பிற்பகுதியில்தான் பிடிபட்டது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் எல்வுட் ஜென்சன், ஈஸ்ட்ரோஜன் வகையான ஈஸ்ட்ரடயாலில் கதிரியக்க ஹைட்ரஜனைச் சேர்த்து, பருவமடையாத பெண் எலிகளுக்கு ஊசி போட்டார். ரத்தத்திலும் தசையிலும் ஏறிய ஹார்மோன் சீக்கிரமே வடிந்துவிட்டது. கருப்பையிலோ மணிக்கணக்கில் தங்கியது. எடுத்துப் பார்த்தால் மூலக்கூறு துளியும் மாறவில்லை! வேதிமாற்றம் அடைந்துதான் ஹார்மோன் வேலை செய்கிறது என்று நம்பிய காலம் அது. 1958-ல் வியன்னா மாநாட்டில் ஜென்சன் இதைச் சொன்னபோது கேட்க வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஹார்மோனைப் பிடித்து வைத்திருந்தது ஒரு புரதம்; அதுதான் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. 1996-ல் ஸ்வீடனின் யான்-ஆகே குஸ்டாஃப்சன் குழு இன்னொன்றைக் கண்டறிந்தது. பழையது ஆல்ஃபா, புதியது பீட்டா என்றானது.

மாதவிலக்கு முடிந்ததும் ஆல்ஃபா வழியாக ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்படலத்தை வளர்க்கிறது. கூடவே புரோஜெஸ்ட்ரோனுக்கான ஏற்பிகளையும் உண்டாக்குகிறது, தன்னை அடக்கப்போகிறவருக்குத் தானே நாற்காலி போட்டு வைப்பது போல. கருமுட்டை வெளிவந்த பிறகு சுரக்கும் புரோஜெஸ்ட்ரோன் வளர்ச்சியை நிறுத்துகிறது. ஈஸ்ட்ரடயாலை வலுக்குறைந்த ஈஸ்ட்ரோனாக மாற்றும் நொதியையும் கிளப்பிவிடுகிறது.

எண்டோமெட்ரியோசிஸில், கருப்பைக்கு வெளியே சினைப்பையிலும் வயிற்று உறையிலும் ஒட்டி வளரும் உட்படலம் போன்ற திசுவில் இந்த ஏற்பாடு குலைந்துபோகிறது. பீட்டா பல மடங்கு பெருகி ஆல்ஃபாவை அமுக்குகிறது. புரோஜெஸ்ட்ரோன் ஏற்பியின் பி ரகம் ஏறக்குறைய காணாமலே போகிறது. புரோஜெஸ்ட்ரோன் வருகிறது, நிறுத்தச் சொல்கிறது, கேட்பாரில்லை. போதாக்குறைக்கு, அரோமட்டேஸ் என்ற நொதியைக் கொண்டு அந்தத் திசு தனக்கு வேண்டிய ஈஸ்ட்ரோஜனைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ஈஸ்ட்ரோஜன் கூடினால் புரோஸ்டாகிளாண்டின் கூடும். வலியும் அழற்சியும் அதன் கைங்கரியம். அதே புரோஸ்டாகிளாண்டின் திரும்பவும் அரோமட்டேஸைத் தூண்டிவிடும்.

பீட்டா இப்படிப் பெருகுவது மரபணுவின் எழுத்து மாறியதால் வந்த வினையல்ல. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் செர்தார் புலுன் குழு காட்டியது இதைத்தான்: இயல்பான உட்படலத்தில் பீட்டாவுக்கான மரபணுவின் தொடக்கப் பகுதியை மெத்தில் தொகுதிகள் மூடி வைத்திருக்கின்றன. நோயுற்ற திசுவில் அந்த மூடி கழன்றிருக்கிறது.

இங்கே மருந்துக்கடைகளில் கிடைக்கும் டைனோஜெஸ்ட், புரோஜெஸ்ட்ரோன் வகை மாத்திரை. பலருக்கு வலியைக் குறைக்கிறது. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் போதிய பலன் தருவதில்லை. ஏற்பியே குறைந்த திசுவிடம் மாத்திரை என்ன பேசும்? “ஒழுங்கா மாத்திரை போட்டியா?” என்று அந்தப் பெண்ணைக் குடைவது அநியாயம்.

2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எலகோலிக்ஸ் என்ற மருந்தோ ஏற்பியை அடைக்கிறது. ஆனால் அது அடைப்பது தலைக்குள் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் ஏற்பியை. அதனால் சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைகிறது, வலியும் குறைகிறது. எலும்பின் அடர்த்தியும் சேர்ந்து குறைகிறது. ஆகவே குறைந்த அளவில் எடுத்தாலும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அதைத் தொடரக் கூடாது. திசுவில் இருக்கும் பீட்டாவை மட்டும் குறிவைக்கும் மருந்து ஆய்வுக்கூடத்தைத் தாண்டி இன்னும் மருந்துச்சீட்டுக்கு வந்து சேரவில்லை.

கருப்பையின் உட்படலம் அதன் சுவருக்குள்ளேயே புகுந்துகொள்ளும் அடினோமயோசிஸ் பற்றி அடுத்த வாரம்.